பாதியில் நின்ற ரெனோவேஷனை முடித்துக் கொடுத்தவர்: 2,980 வெள்ளிக்கு என்ன கிடைத்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைப்பதே புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டில்தான். சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் பதினோரு வருஷமாகத் திட்ட ஒருங்கிணைப்பு வேலை. எது எங்கே நிற்கிறது, ஏன் தாமதம், யார் இன்னும் பதில் போடவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவளுடைய சொந்த வீட்டு ரெனோவேஷன் பாதியில் படுத்துவிட்டது. அதை எழுப்ப வெளியிலிருந்து ஓர் ஆளுக்குக் காசு கொடுத்தேன். அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

அந்த ஆளின் சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டுமானத் தளங்களில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தனியாக, நின்றுபோன வீட்டு வேலைகளை மட்டும் எடுத்து முடித்துக் கொடுக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் இங்கே அவர் ‘அங்கிள்’. வேலையைக் கெடுத்த நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. அவர்களிடமிருந்து இன்னும் ஒரு தவணைப் பணம் வரவேண்டியிருக்கிறது.

வீடு ஈசூனில், 1987இல் கட்டிய ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு. 2025 மே 12 அன்று சாவி கைக்கு வந்தது. 58,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஓர் உள்வடிவமைப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம். (இங்கே எல்லாரும் உள்வடிவமைப்பாளரை ‘ஐடி’ என்பார்கள். நான் வேலை பார்ப்பதும் ஐடி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் சொன்ன தேதிக்கு எதுவும் முடிவதில்லை.) மே 26 அன்று வேலை தொடக்கம், எட்டு வாரத்தில் முடிப்பு, ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோவது என்பது திட்டம்.

ஜூன் மூன்றாம் வாரம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. உடைக்க வேண்டியதை உடைத்தார்கள், டைல் போட்டார்கள், கூடத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்குச் சட்டம் அடித்தார்கள். அப்புறம் ஆள் வரத்து குறைந்தது. வாரத்துக்கு ஒருநாள் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் எதையோ துளையிட்டுவிட்டுப் போவார். வாட்ஸ்அப்பில் கேட்டால் ‘நாளைக்கு வந்துடுவாங்க சிஸ்டர்’. ஜூலை நடுவில் எங்கள் டிசைனர் வேலையை விட்டுவிட்டார். புதிதாக வந்த பையனுக்கு எங்கள் வீட்டு எண்ணே சரியாகத் தெரியவில்லை. அதற்குள் நாங்கள் 46,400 வெள்ளி, அதாவது எண்பது சதவீதம், கட்டியிருந்தோம். கடைசியாகக் கட்டிய 17,400 வெள்ளி தச்சு வேலைக்கு என்று வாங்கியது.

உட்லண்ட்ஸில் மாமியார் வீட்டில் ஓர் அறையில் நாங்கள் நாலு பேர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அங்கிளின் எண் என் கணவருக்குக் கோயிலில் பழக்கமானவர் மூலம் கிடைத்தது. முதல் வருகைக்கு 180 வெள்ளி. வந்து பார்ப்பார், எழுதிக் கொடுப்பார், அதோடு முடித்துக்கொள்ளலாம். தொடர்வதென்றால் முடிகிற வரைக்கும் மொத்தம் 2,800 வெள்ளி, நாலு தவணை. வாரம் மூன்று முறை வருவார், எந்தக் குத்தகையாளரிடமும் கமிஷன் வாங்கமாட்டார். இந்தக் கமிஷன் விஷயத்தை நான் நம்பவில்லை. பிறகு டைல்காரரிடமும் தச்சரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

ஜூலை 26, சனிக்கிழமை காலை 8 மணிக்கு வந்தார். தோளில் பழைய துணிப்பை. அதில் ஒரு கோலிக்குண்டு, ஒரு ஐம்பது காசு நாணயம், நீல நிற டேப், அளவு நாடா, மடித்த ஏ3 தாள்கள். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். என்னுடைய எக்ஸெல்லில் 112 வரிகள், பச்சை மஞ்சள் சிவப்பு எல்லாம் போட்டது. கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இதுல காமன் டாய்லட் எண்பது பர்சென்ட்னு போட்டிருக்கீங்களேம்மா. எண்பதுன்னா?”

“டைல் போட்டாச்சு அங்கிள். குழாய், கதவு எல்லாம் பாக்கி.”

“அதுல இப்ப குளிக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப சைபர்னு போடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே விஷயத்தை அலுவலகத்தில் நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மென்பொருள்காரர்கள் ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்பார்கள், மீதிப் பத்துக்கு அதே அளவு காலம் ஆகும். ஆகவே முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேள் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். சொந்த வீடு என்றதும் எண்பது, அறுபத்தைந்து என்று மனசுக்கு ஆறுதலாக எண்களைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் அவர் காமன் டாய்லட்டுக்குள் போய்க் கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது தண்ணீர் போகும் துளையை நோக்கி உருள வேண்டும். எங்கள் கோலிக்குண்டு கொஞ்சம் யோசித்து, எதிர்மூலைக்குப் போய்க் கதவு நிலையில் முட்டி நின்றது. இன்னொரு முறை, இன்னோர் இடத்தில் வைத்தார். அதே மூலை. பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார், அதுவும் கோலியின் வழியிலேயே போனது. குளித்தால் தண்ணீர் நடைபாதைக்கு வரும் என்பதைப் பார்க்க எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்து ஐம்பது காசை எடுத்துச் சுவர் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒட்டியிருக்கும் டைல் கெட்டியாகச் சத்தம் போடும், உள்ளே காரை இல்லாதது பொக்கென்று கேட்கும். பொக்கு கேட்ட இடத்தில் எல்லாம் நீல டேப்பில் ஒரு துண்டு ஒட்டினார். பதினேழு துண்டுகள். ஒவ்வொன்றும் ஒட்டப்படும்போது என் கணவர் முகம் போன போக்கை இங்கே விவரிக்க வேண்டாம்.

கூடத்தில் சீலிங் சட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏர்கான் குழாய் எங்கே?” என்றார். குழாய் வரவில்லை. சட்டம் அடிப்பதற்கு முன்னால் குழாயும் வடிநீர்க் குழாயும் ஓடியிருக்க வேண்டுமாம். இப்போது ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றினால்தான் வழி. வரிசை தப்பினால் செய்த வேலையையே பிரிக்க வேண்டிவரும் என்பதை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேல் பார்த்தது அன்றுதான்.

தச்சு வேலைதான் உச்சம். ‘கேபினெட் எல்லாம் ஃபேக்டரியில் ரெடியாகிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கிள் ஒரே கேள்வி கேட்கச் சொன்னார்: எந்த ஃபேக்டரி? நிறுவனத்திலிருந்து பதில் வர இரண்டு நாள் ஆனது. சுங்கை காடுட்டில் ஓர் இடம். அவரே அங்கே போய்விட்டு எனக்கு அழைத்தார். அளவு எடுத்தது உண்மைதான், ஆனால் முன்பணம் போய்ச் சேரவில்லை, ஒரு பலகைகூட அறுக்கவில்லை. அளவு எடுத்ததும் சமையலறை டைல் முடிவதற்கு முன்பாம், ஆகவே அந்த அளவும் உதவாது. எங்களுடைய 17,400 வெள்ளி எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

180 வெள்ளிக்கு அவர் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். எது முடிந்தது, எதைப் பிரிக்க வேண்டும், எது தொடங்கவே இல்லை. கீழே ஒரு மதிப்பு: இதுவரை நடந்த வேலை, திருத்தச் செலவு கழித்து, சுமார் 27,500 வெள்ளிக்குப் பெறும். அதாவது 18,900 வெள்ளி அதிகமாகக் கொடுத்திருக்கிறோம். இந்த ஒன்றரைப் பக்கத்துக்கே 180 தகும் என்று இப்போதும் சொல்வேன். சேவையைத் தொடராவிட்டாலும் இதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நிறுவனத்தோடு ஒரு சந்திப்பு நடந்தது. அங்கிள் கூட உட்கார்ந்திருந்தார், கோபப்படவில்லை. மூன்று கேள்விகள்: நாளை காலை யார் வருவார்கள்? எந்த வேலைக்கு? பொருள் எங்கே இருக்கிறது? மேலாளர் ‘மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும், கூடுதலாக ஆள் போடுகிறோம்’ என்றார். கூடுதல் ஆள் என்றதும் எனக்கு 1975 நினைவுக்கு வந்தது. ஐபிஎம்மின் பெரிய இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் அந்த வருஷம்தான் எழுதினார், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. புதியவர்களுக்கு விளக்கவே பழையவர்களின் நேரம் போய்விடும். அங்கிளுக்கு புரூக்ஸைத் தெரியாது. “ஆறு பேர் வந்தா டாய்லட்ல எங்க நிப்பாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஏழு நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுதினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டோம். ஆகஸ்ட் 11 அன்று அங்கிளின் வேலை ஆரம்பம்.

இங்கேதான் அவரோடு என் முதல் சண்டை. எனக்கு அந்த டாய்லட்டை முதலில் சரிசெய்ய வேண்டும். கண்ணில் படுகிற அசிங்கம் அதுதான். அவர் டாய்லட் கதவைச் சாத்திவிட்டார். “அது ரெண்டு வாரம் கழிச்சும்மா. முதல்ல சமையலறை.” ஏன் என்று தாளில் போட்டுக் காட்டினார். கேபினெட்டுக்கு அளவு எடுத்து, செய்து வர ஐந்து வாரம். அதைப் பொருத்திய பிறகுதான் மேல் கல்லுக்கு அச்சு எடுக்க முடியும், கல் வெட்டி வரப் பத்துப் பன்னிரண்டு நாள். கல் வந்த பிறகுதான் தொட்டி, குழாய், அடுப்பு. எங்குமே முந்த முடியாத சங்கிலி இது. டாய்லட்டோ, உடைத்து, நீர்க்காப்புப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்துக் கசிவு பார்த்து, மறுபடி டைல் போட்டாலும் அந்த ஐந்து வாரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே சமையலறையில் ஒருநாள் போனால் வீடு ஒருநாள் தள்ளிப்போகும், டாய்லட்டில் ஒருநாள் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை. எங்கள் துறையில் இதற்கு கிரிட்டிகல் பாத் என்று பெயர், பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சண்டை அதைவிட மோசம். அந்த ஏ3 தாளை மின்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். இடதுபக்கம் வேலைகள், வலதுபக்கம் ‘முடிவு வேண்டியவை’ என்று ஒரு பட்டியல். 23 வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். அதில் 14 வரிகளுக்கு எதிரே ‘அம்மா’ அல்லது ‘தம்பி’. அம்மா நான், தம்பி என் கணவர். தொட்டி எந்த மாடல்? அடுப்பு எத்தனை சென்டிமீட்டர் அகலம்? வாட்டர் ஹீட்டர் உடனடி வகையா, தேக்கும் வகையா? பூஜை மாடத்துக்கு மின்விளக்கு உண்டா? மே மாதத்திலிருந்து ‘பிறகு பார்க்கலாம்’ என்று நாங்கள் தள்ளிவைத்தவை. அடுப்பின் அகலம் தெரியாமல் கேபினெட் அறுக்க முடியாது. நிறுவனம் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றியது என்பது உண்மை. அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தாலும் ஜூலையில் எங்கள் வீடு முடிந்திருக்காது என்பதும் உண்மை. இதை என் கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று நாள் கெடு கொடுத்தார். நாங்கள் இருவரும் வேலை முடிந்து கடை கடையாக அலைந்து, ஜாலான் புசாரில் ஒரு விளக்குக் கடை வாசலில் நின்று சண்டை போட்டு, பதினாலையும் முடித்தோம். அதற்கப்புறம் மனம் மாற்றக்கூடாது என்பது அவருடைய விதி. மாற்றினால் எத்தனை நாள், எத்தனை வெள்ளி என்று தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவார். நான் ஒரே ஒருமுறை குழாயின் நிறத்தை மாற்றக் கேட்டேன். ‘4 நாள், 160 வெள்ளி’ என்று எழுதிப் பேனாவை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பட்ஜெட்டுக்காகச் சமையலறை நடுமேடையும் தொலைக்காட்சிச் சுவர் அலங்காரமும் போயின. அவற்றையும் சேர்த்தால் மீதி வேலை 38,000 வெள்ளி, வெட்டிய பிறகு 31,500. நடுமேடைக்காக நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தறை வீட்டுச் சமையலறையில் அது வந்திருந்தால் குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுசாகத் திறந்திருக்காது என்பது குடிவந்த பிறகுதான் புரிந்தது.

ஆள் பிடிக்கும் விதத்தில் அவர் கறார். ரெனோவேஷன் குத்தகையாளர் வீவக பட்டியலில் இருக்க வேண்டும், அனுமதி புதியவர் பெயரில் இருக்க வேண்டும். அது முடியும் வரை ஒரு டைலைக்கூடத் தொட விடவில்லை. மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ளவர், குழாய்க்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் உள்ளவர், அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். 1994க்கு முன் கட்டிய வீடுகளில் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியராக இருக்கக்கூடும், ஏர்கான் போடுவதென்றால் 40க்கு ஏற்ற வேண்டும் என்று அவர்தான் சொன்னார். எங்கள் வீட்டில் முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே மாற்றியிருந்தார், தப்பித்தோம். உடைக்கிற வேலை வாரநாளில் 9 முதல் 5 வரைதான், சனி ஞாயிறு கிடையாது. ஆகவே டாய்லட் உடைப்பைத் திங்கள் காலைக்கே வைத்தார். ஞாயிறு மாலை மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் கதவைத் தட்டி, ஆளுக்கொரு பெட்டி பிஸ்கட் கொடுத்துச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். கீழ்வீட்டுப் பாட்டி அன்றிலிருந்து எங்களைப் பார்த்தால் சிரிக்கிறார்.

டைல் போட வந்த தம்பி புதுக்கோட்டைக்காரர். அவரிடம் அங்கிள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய நிறுவனம் ஆட்களைக் காலையில் இறக்கிவிட்டுப் போய்விடும், பொருள் பதினோரு மணிக்கு வரும், அதுவரை அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிள் முதல்நாள் மாலையே டைல், பசை, டைல் இடைவெளிக்கு வைக்கும் சிலுவைத் துண்டுகள் எல்லாம் அறைக்குள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார், இல்லையென்றால் ஆளை வரவேண்டாம் என்பார். “தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி” என்று கோலிக்குண்டை அவர் கையில் கொடுத்தார். அந்தத் தம்பி சரிவை மூன்று முறை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைலை ஒட்டினார்.

இரவு 8.30க்குத் தினமும் பத்து நிமிட அழைப்பு. நாங்கள், அங்கிள், அன்றைக்கு வேலை செய்தவர். யார் மீது தப்பு என்று பேசக்கூடாது, வரும் இரண்டு நாளில் எது நம்மைத் தடுக்கும் என்பது மட்டும். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர்.கவ் என்ற தளத்தைத் திறந்தது. முதல் நாள் ஆறே பேரால்தான் பதிவை முடிக்க முடிந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் போன குழுவில் கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் சுவரில் ஒட்டிய விதிகளும் கிட்டத்தட்ட இவைதான்: கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க, பழி போட வேறு இடம் உண்டு, பதவியில் பெரியவர் அல்ல, விஷயம் தெரிந்தவர் பேசட்டும், அடுத்த 24, 48 மணி நேரத்தில் அடிக்கப்போவதை மட்டும் பார். நவம்பர் முடிவதற்குள் அந்தத் தளம் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எங்கள் அழைப்பில் விஷயம் தெரிந்தவர் பெரும்பாலும் புதுக்கோட்டைத் தம்பிதான். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். இரண்டாம் வாரம், ‘அக்கா, கதவு நிலை உயரம் பாத்துக்குங்க, புது டைல் வந்தா கதவு தட்டும்’ என்று அவராகவே சொன்னார். பழைய நிறுவனத்தில் அவர் மாதிரி ஒருவரிடம் யாராவது கேட்டிருந்தால் ஜூன் மாதமே தெரிந்திருக்கும்.

தேதி விஷயம். முதல் வாரம் எவ்வளவு கேட்டும் முடிவுத் தேதி சொல்லவில்லை. கேபினெட் அளவு எடுத்து, ஃபேக்டரிக்கு முன்பணம் போய், எங்கள் பதினாலு முடிவுகளும் வந்த பிறகு, ஆகஸ்ட் 18 அன்று சொன்னார்: அக்டோபர் 10, கெட்ட நேரமாக இருந்தால் 17. தீபாவளி 20ஆம் தேதி. என் மாமியாரிடம் 17 என்று மட்டும் சொன்னேன்.

உண்மையில் முடிந்தது அக்டோபர் 15.

அந்த ஐந்து நாள் தாமதத்தில் அங்கிளுக்கும் பங்கு உண்டு, அவர் அதைச் சொல்லமாட்டார். குளியலறைக் கண்ணாடித் தடுப்பு 12 மில்லிமீட்டர் குறைவாக வெட்டப்பட்டு வந்தது. கடைக்காரர் தப்பு என்றார். ஆனால் மற்ற எல்லா அளவுக்கும் கூட நின்றவர், அந்த ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல், நாலு நாள் வீட்டில். அப்போதுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை தெரிந்தது: எல்லாமே ஒரே ஆளின் தலையில். அவருக்கு மாற்று ஆள் கிடையாது, தாளில் இல்லாத விஷயங்கள் எல்லாம் அவர் மண்டைக்குள்தான். அந்த நாலு நாள் நான் விடுப்பு எடுத்து வீட்டில் நின்றேன். நின்றும் கண்ணாடிக்காரர் அளவு எடுக்கும்போது தரைச்சரிவைக் கணக்கில் எடுத்தாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வேறு குறைகள். அழகு பற்றி அவரிடம் கேட்கவே கூடாது, எல்லாவற்றுக்கும் ‘வெள்ளை போடுங்கம்மா, அழுக்கு தெரியும்’ என்பார். ரசீது கேட்டால் ஒரு வாரம் ஆகும். வேலைக்கு உத்தரவாதம் அவர் தருவதில்லை, அது அந்தந்தக் குத்தகையாளரோடு நாம் எழுதிக்கொள்ள வேண்டியது. காலை 6 மணிக்குக் குரல்பதிவு அனுப்புவார், நாலு நிமிடத்துக்குக் குறையாது, அதில் முதல் ஒன்றரை நிமிடம் மழையைப் பற்றி.

பணம் மீட்பதில் அவர் நேரடியாக இறங்கமாட்டார், ஆனால் அவருடைய ஒன்றரைப் பக்கமும் நீல டேப் படங்களும் உதவின. ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். 18,900 வெள்ளிக்கு மனு போட்டோம், பேச்சுவார்த்தையில் 9,000க்கு ஒத்துக்கொண்டோம், மூன்று தவணை, இரண்டு வந்துவிட்டது. எனக்கு இன்னும் இழுத்துப் பார்க்க ஆசை. அங்கிள்தான், ‘கைக்கு வர்றதை வாங்கிட்டு வீட்டப் பாருங்க’ என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

கணக்கைப் பார்ப்பவர்களுக்கு: பழைய நிறுவனத்துக்கு 46,400, மீதி வேலைக்கு 31,500, அங்கிளுக்கு 2,980. மொத்தம் 80,880. திரும்பி வந்த 6,000ஐக் கழித்தால் 74,880. முதல் ஒப்பந்தத்தைவிட 16,880 வெள்ளி அதிகம், அதுவும் நடுமேடை இல்லாமல். அங்கிளின் கட்டணம் அதில் ஒரு சின்னப் பகுதிதான். அவர் இல்லாமல் நாங்களே இன்னொரு நிறுவனத்திடம் போயிருந்தால், டாய்லட்டை முதலில் செய்திருப்போம், அடுப்பின் அகலத்தைச் செப்டம்பரில் யோசித்திருப்போம், இன்னும் உட்லண்ட்ஸில் இருந்திருப்போம்.

யாருக்கு இந்தச் சேவை தேவையில்லை? வேலை இரண்டு மூன்று வாரம் தாமதம், ஆனால் தினமும் ஆள் வருகிறார் என்றால் வேண்டாம். ஒப்பந்தம் போடும் நிலையில் இருப்பவர்கள் அவரைத் தேடுவதைவிட, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற, முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரும் நிறுவனமாகப் பார்த்துப் போவது மலிவு. நாங்கள் அதைப் பார்க்கவில்லை, 3,000 வெள்ளி குறைவாக இருக்கிறதே என்று போனோம். சுவரில் எழுதிய எதையும் கேட்கமாட்டேன், எனக்குப் பிடித்தபடிதான் நடக்க வேண்டும் என்பவர்களும் போக வேண்டாம். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், ஒருவருக்கு அப்படிச் செய்திருக்கிறாராம்.

ஐப்பசி பிறந்த மறுநாள், 19ஆம் தேதி ஞாயிறு, பால் காய்ச்சினோம். மாமியார் நாள் பார்க்கவில்லை, அடுப்பு எரிகிறதா என்று மட்டும் பார்த்தார். அங்கிள் மனைவியோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது காமன் டாய்லட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்டது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அவரிடம் போவதென்றால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லை. மாலை 7 மணிக்கு மேல் நேரே அழைத்துவிடுங்கள். குரல்பதிவு மட்டும் அனுப்பாதீர்கள், அவரும் குரல்பதிவிலேயே பதில் சொல்வார்.